தாத்தா வீட்டு உத்திரத்தில் மகளுக்கு ஒரு கட்டில்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைச் சித்திரையில் இடித்தோம். 10 அடி நீளத்தில் 8-க்கு 6 அங்குலத் தேக்கு உத்திரங்கள் மூன்றும், 8 அடிக் கைமரங்கள் பன்னிரண்டும் என் பங்குக்கு வந்தன. கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தையில் மகளுக்குத் திருமணம். பெங்களூரில் வாடகைக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. இந்த மரத்தில் ஒரு கட்டில் செய்து கொடுத்தால் அவள் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்க வேண்டும் என்று ஆசை. உள்ளூர் ஆசாரி, ஆறடி அகலத்தில், அடியில் பெட்டி வைத்து, தலைமாட்டில் மயில் செதுக்கி, அடர்நிறத்தில் பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார். மணமக்கள் பெயரையும் செதுக்கலாமாம். இடித்த வீட்டு மரம் கட்டிலுக்கு ஆகாது என்று உறவில் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

ஐயா, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆகுமா ஆகாதா என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்ல வேண்டியது. சம்பந்தி வீட்டிலும் இப்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கட்டில் போய் இறங்கிய பிறகு அந்தப் பேச்சு கிளம்பினால் யாருக்கும் நன்றாக இருக்காது. தச்சு வேலை செய்கிறவனாகச் சொன்னால், இந்த மரத்தை விடாதீர்கள். மியான்மர் உருண்டை மர ஏற்றுமதியை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. இன்று கடைக்கு வரும் தோட்டத் தேக்கில் இளமரம் நிறைய, வைரம் பாயாத வெளிப்பகுதியான வெள்ளையும் அதிகம். உங்கள் உத்திரம் பர்மாவா நாட்டுத் தேக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வளையங்கள் நெருக்கமாக, வைரம் பாய்ந்து இருந்தால் போதும், எந்த ஊராக இருந்தாலும் சரி.

உங்கள் ஆசாரிக்கு வேலை தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்குக் கடையில் விற்கிற கட்டிலை உங்கள் மரத்தில் செய்து தருகிறேன் என்கிறார், அவ்வளவுதான். அது 15, 20 வருடத்துக்குச் சரி. நீங்கள் கேட்பது வேறு.

தேக்குக் கட்டில் படுத்துப் படுத்துக் கெடுவதில்லை. வீடு மாறும்போதுதான் கெடுகிறது. காரைக்குடி உங்களுக்குப் பக்கம்தானே, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு சுற்று போய் வாருங்கள். அங்கே வந்து நிற்கும் கட்டில்களில் மரம் உளுத்துப்போய் வந்தவை, நான் பார்த்தவரை, கொஞ்சம்தான். மாடிப்படி திரும்பாதவை, புது வீட்டு அறையில் நுழையாதவை, கழற்றத் தெரியாமல் ரம்பம் போட்டவை, ஒரு பக்கச் சட்டம் தொலைந்தவை, இவைதான் அதிகம். குனிந்து, காலும் சட்டமும் சேரும் மூலையைப் பாருங்கள். ஆப்பு வைத்து இறுக்கிய மூலை இன்றைக்கும் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும். ஒட்டுப்போட வந்த யாரோ மூன்று அங்குல ஆணி இறக்கிய மூலை பிளந்து கிடக்கும்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு ஸ்பேனரும் இரண்டு ஆட்களும் இருந்தால் அரை மணியில் பிரித்து, லிஃப்ட் இல்லாத மாடிக்குத் தூக்கிப் போய், ஆட்டம் இல்லாமல் மறுபடி பூட்ட முடிகிற கட்டிலாக அது இருக்க வேண்டும். செய்தவரை முன்பின் தெரியாத ஒருவர் 50 வருடம் கழித்துப் பார்த்தாலும், எங்கே கழற்றுவது என்று கேட்காமலே புரிய வேண்டும். மற்ற முடிவுகளையெல்லாம் இதை வைத்தே எடுக்கலாம்.

முதலில் அளவு. ஆறடி அகலம் வேண்டாம், ஐந்தடி போதும். 78-க்கு 60 அங்குல மெத்தை எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கிற அளவு. வாடகை வீட்டுப் படுக்கையறைகள் பலவற்றில் ஆறடிக் கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு முழுதாகத் திறக்காது. உள்ளளவை மெத்தையைவிட நீளத்திலும் அகலத்திலும் முக்கால் அங்குலம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள். சரியாக மெத்தை அளவுக்கே செய்தால், விரிப்பைச் செருக ஒவ்வொரு நாளும் விரல் நசுங்கும்.

அடுத்தது அந்தப் பெட்டி. உங்கள் மகள் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்வேன். பெட்டி வந்தால் பிளைவுட் வரும், பிளைவுட்டுக்கும் கீலுக்கும் தனி ஆயுள், அது உங்கள் தேக்கின் ஆயுளில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. கனமும் கூடும், மெத்தைக்கு அடியில் காற்றும் ஓடாது. பெட்டிக் கட்டிலை நகர்த்திக் கூட்டுகிற வீடு எதையும் நான் பார்த்ததில்லை. தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் 8 அங்குலம் விட்டால் விளக்குமாறு போகும், தட்டையான சூட்கேஸும் போகும். சட்டம் 6 அங்குலம் உயரம், அதன் மேல் விளிம்புக்கு ஒன்றரை அங்குலம் கீழே மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பட்டைகளான ரீப்பர், அதன் மேல் 8 அங்குல மெத்தை என்று வைத்தால் படுக்கும் உயரம் 20 அங்குலத்தை ஒட்டி வரும். நீங்கள் மகள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுந்திருக்கவும் அதுதான் முழங்காலுக்குச் சுகம்.

இந்த அளவில் கட்டிலுக்குள் நிற்கிற மரம் சுமார் நாலரை கன அடி. தேக்கு கன அடிக்கு 18 கிலோ என்று வைத்தால் மொத்தம் 80 கிலோ. பிரித்தால் ஒரு பக்கச் சட்டம் 8 கிலோகூட வராது, தலைமாடு மட்டும் 30 கிலோவை ஒட்டி வரும். இரண்டு பேர் படியில் தூக்கிவிடலாம்.

மரம் போதுமா என்றால், போதும். ஆனால் 10 அடி உத்திரத்தை 10 அடியாக எண்ணாதீர்கள். சுவருக்குள் இருந்த இரண்டு நுனிகளும் சுண்ணாம்பும் ஈரமும் தின்ற இடம். கரையான் வந்திருந்தாலும் அங்கேதான் முதலில் வந்திருக்கும். பக்கத்துக்கு 6 அங்குலம் தயங்காமல் வெட்டிவிடுங்கள். மேல்பரப்பில் பக்கத்துக்கு அரை அங்குலம் இழைப்பில் போகும். மிஞ்சுவது 9 அடி நீளம், 7-க்கு 5. மூன்றும் சேர்ந்து ஆறரை கன அடி. கால்கள், சட்டங்கள், தலைமாடு எல்லாம் இதிலேயே வந்துவிடும். ரீப்பருக்கு உத்திரத்தைத் தொடவே வேண்டாம். உங்கள் கைமரம் வழக்கமான 3-க்கு 2 அங்குலமாக இருந்தால், நடுவில் கிழித்து ஐந்தடிக்கு வெட்டினால் ஒன்றுக்கு இரண்டு ரீப்பர். மொத்தம் 14 ரீப்பர் தேவை, இடைவெளி இரண்டரை அங்குலம். ஏழு கைமரத்தில் வேலை முடிந்துவிடும். மீதி ஐந்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மில்லுக்கு அனுப்பும் முன் ஆணி பார்க்க வேண்டும். பழைய உத்திரம் என்றாலே மில்லில் முகம் சுளிப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஒரு ஆணி பட்டால் பேண்ட்சா வாளின் பல் போய்விடும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, நாலு பக்கமும் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள், ஆணி இருக்கும் இடத்தில் அது ஒட்டும். கண்ணுக்கும் தெரியும், இரும்பு இருந்த இடத்தைச் சுற்றி மரம் மை கொட்டியதுபோலக் கறுத்திருக்கும். தலை உடைந்த ஆணி உள்ளே மாட்டிக்கொண்டால், சுற்றி உளியால் தோண்டிக் குறட்டால் எடுத்துவிட வேண்டும். அந்தக் கறுப்புப் புள்ளிகளைப் புட்டி வைத்து மறைக்க ஆசாரி கேட்பார். பலம் குறையாத இடமாக இருந்தால் அப்படியே விடச் சொல்லுங்கள். தாத்தா வீட்டில் ஊஞ்சல் கொக்கி மாட்டிய இடம் எது என்று உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டாமா?

அறுத்ததும் இன்னொரு வேடிக்கை நடக்கும். இத்தனை வருடம் நேராக நின்ற உத்திரம், பலகையானதும் லேசாக வளையும். மரத்துக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த விசை விடுபடுவதால் வருவது அது, பயப்பட ஒன்றுமில்லை. அதற்குத்தான் முடிவான அளவைவிடக் கால் அங்குலம் தடிமன் கூட்டி அறுக்கச் சொல்வது. வீட்டுக்குள், காற்றோட்டமான இடத்தில், ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரே கனத்தில் குச்சி வைத்து அடுக்கி, நாலு வாரம் விட்டுவிடுங்கள். அப்புறம் இழைத்தால் நேராக வரும், அதன்பின் நேராகவே நிற்கும். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று கையில் இருப்பது நல்லது. 12 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் வேலையை ஆரம்பிக்கலாம். அறுக்கும்போது இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். வெளி ஓரத்து வெள்ளை முழுக்கக் கழிய வேண்டும், உளு விழுவது அதில்தான். மரத்தின் நடு மையம் எந்தச் சட்டத்துக்குள்ளும் வரக்கூடாது, வெடிப்பு அங்கிருந்துதான் புறப்படும்.

இனி மூட்டு. ஆசாரியிடம் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

கட்டிலை மூன்று பாகமாக நினைத்துக்கொள்ளுங்கள்: தலைமாடு, கால்மாடு, நடுவில் இரண்டு பக்கச் சட்டங்கள். தலைமாடும் கால்மாடும் தனித்தனிச் சட்டகங்கள். இவை என்றைக்கும் பிரியக்கூடாது. 3-க்கு 3 அங்குலக் காலில் துளையடித்து, குறுக்குச் சட்டத்தின் நாக்கை, அதாவது நுனியில் மெலிதாக்கி விட்ட பகுதியை, இரண்டு அங்குல ஆழத்துக்கு இறக்கி, பசையிட்டு, மூங்கில் ஆணி அடித்துவிடலாம். தேக்கில் எண்ணெய் இருப்பதால், இழைத்து நாளான பரப்பில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் அன்றைக்கே நாக்கை ஒரு இழை இழைத்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். மூங்கில் ஆணி ஏன் என்றால், பின்னால் எப்போதாவது பிரித்தே ஆக வேண்டும் என்று வந்தால் அதை ட்ரில் போட்டு எடுத்துவிடலாம். இரும்பு ஆணியை அப்படி எடுக்க முடியாது.

பக்கச் சட்டம் காலில் சேரும் நாலு மூலையிலும் பசை ஒரு சொட்டுகூடக் கூடாது. அங்கே சட்டத்தின் நுனியில் முக்கால் அங்குலக் குட்டை நாக்கு, காலில் அதற்குப் பொருத்தமான பள்ளம். கட்டிலின் மேல் வருகிற பாரத்தை இந்த நாக்குதான் வாங்கும். அதற்கு நடுவில், காலின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட், 6 அங்குல நீளத்தில், காலைத் துளைத்துச் சட்டத்துக்குள் மூன்று அங்குலம் போக வேண்டும். சட்டத்தின் உள்பக்கம் சின்னதாக ஒரு குழி, அதில் நட். போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும்தான், தாங்குவது நாக்கு. இது இல்லாமல் வெறும் போல்ட்டை நம்பிச் செய்த கட்டிலில், துளை நாளடைவில் நீள்வட்டமாகி, திரும்பிப் படுக்கும்போதெல்லாம் கிரீச்சென்று சத்தம் வரும்.

ஒரே காலில் குறுக்குச் சட்டமும் பக்கச் சட்டமும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்து சேர்வதால், போல்ட் போகும் வழியில் குறுக்குச் சட்டத்தின் நாக்கு குறுக்கே நிற்கும். அந்த நாக்கை மேலொன்று கீழொன்றாகப் பிரித்து, நடுவில் வழி விடச் சொல்லுங்கள். நல்ல ஆசாரி நீங்கள் சொல்லும் முன்பே கோடு போட்டிருப்பார். இதைக் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள், வேலையை அவரிடம் கொடுக்கலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கட்டிலுக்கென்றே விற்கிற கொக்கி, கிளாம்ப் வகைகளை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். இன்றைக்கு அவை நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்துபோனால் 30 வருடம் கழித்து அதே அளவில் கிடைக்குமா? 10 மில்லிமீட்டர் போல்ட் எந்தக் காலத்திலும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கூடுதலாக இரண்டு போல்ட், இரண்டு நட், ஒரு ஸ்பேனரை ஒரு துணிப்பையில் போட்டு நடுச் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். போல்ட்டே வேண்டாம், முழுக்க மரமாகவே இருக்கட்டும் என்று ஆசாரி சொன்னால், நாக்கைக் காலின் மறுபக்கம்வரை வெளியே விட்டு ஆப்பு வைக்கும் பழைய முறையும் அருமையானது. காலுக்கு வெளியே மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும், இருட்டில் கால் இடிக்கும். அது பரவாயில்லை என்றால் செய்யுங்கள்.

நாலு மூலையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், கையால் செய்ததால் ஒன்றுக்கொன்று மாறாது. ஒவ்வொரு மூலையிலும் காலிலும் சட்டத்திலும், உள்பக்கம், உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நாலு என்று வெட்டச் சொல்லுங்கள். பேனாவில் எழுதினால் பாலிஷில் போய்விடும்.

ஐந்தடி அகலத்துக்கு நடுவில் ஒரு தாங்குசட்டம் கட்டாயம் வேண்டும், அதன் மத்தியில் ஒரு குட்டைக் கால். அதைப் பூட்ட வேண்டாம், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வெட்டிய பள்ளத்தில் மேலிருந்து இறக்கி வைத்தால் போதும். ரீப்பர்களையும் ஆணி அடிக்காமல், பருத்தி நாடாவில் வரிசையாகக் கோத்துவிட்டால் பாய்போலச் சுருட்டி எடுத்துப் போகலாம். ஸ்குரூ போட வேண்டிய இடத்தில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். சாதா இரும்பு தேக்கில் கறை விடும்.

தலைமாட்டுப் பலகை பற்றி ஒன்று. 16 அங்குல அகலப் பலகை, உங்கள் ஊர் ஐப்பசி ஈரத்துக்கும் பெங்களூரின் மாசி, பங்குனி வறட்சிக்கும் நடுவில் மூன்று நாலு மில்லிமீட்டர் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் அது வெடித்துத்தான் வழி தேடும். சுற்றுச் சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பலகையைப் பசையில்லாமல் அதில் நிறுத்தினால், சுருங்குவதும் விரிவதும் காடிக்குள்ளேயே நடந்துவிடும். இழைத்த புதிதில் பலகைக்குப் பலகை நிறம் வேறாக, பச்சையும் பழுப்புமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதறிப்போய்த்தான் அடர்நிறம் பூசச் சொல்கிறார்கள். சில வாரம் வெளிச்சம் பட்டால் எல்லாம் பொன்னிறத்தில் ஒன்றுசேரும்.

மயில் உங்கள் விருப்பம். எனக்குப் பிடிக்காது என்பதற்காகத் தடுக்க மாட்டேன். மேல் குறுக்குச் சட்டத்தோடு நிற்கட்டும், தலை சாயும் இடத்தில் வேண்டாம். தேங்காயெண்ணெய்த் தலை தினமும் சாய்கிற இடத்தில் செதுக்கு வேலை இருந்தால், பள்ளமெல்லாம் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்துவிடும். மணமக்கள் பெயரையும் வெளியே எழுத வேண்டாம். பக்கச் சட்டத்தின் உள்முகத்தில், வீடு இருந்த ஊர், வருடம், செய்த ஆசாரியின் பெயர் மூன்றையும் வெட்டுங்கள். ஆசாரி பெயரை விட்டுவிடாதீர்கள். அது இருக்கிறது என்று தெரிந்தால் வேலையும் ஒரு படி கூடுதலாக வரும்.

பி.யு. பாலிஷ் கடினமானது, தண்ணீர் தாங்கும். ஒரு மூலையில் அடிபட்டு உரிந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம், பெரும்பாலும் முழுப் பரப்பையும் தேய்த்து எடுக்க வேண்டிவரும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பழைய பிரெஞ்ச் பாலிஷில் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும், உண்மைதான். ஆனால் அந்த வட்டத்தை மட்டும் அதே பாலிஷ் தொட்ட துணியால் சரிசெய்துவிடலாம். கட்டிலில் யாரும் சமைக்கப் போவதில்லை, அதனால் என் ஓட்டு அரக்குக்கே. மழை நாளில் அரக்குப் போட்டால் ஈரம் குடித்துப் பால்போல வெளுத்துவிடும், வெயில் நாள் பார்த்துப் போட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் போடுவதாக இருந்தால், துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள். கால்களின் அடிப்பக்கத்துக்குப் பாலிஷ் போட எல்லாரும் மறந்துவிடுவார்கள். வீடு துடைக்கும் தண்ணீரை மரம் குடிப்பது அந்த வழியாகத்தான், அங்கே மூன்று கை கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

இப்போது ஆவணி. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அறுத்து, வீட்டுக்குள் அடுக்கிவிட வேண்டும். கார்த்திகையில் மூட்டு வேலை, மார்கழிக் கடைசியில் காய்ந்த நாளாகப் பார்த்து பாலிஷ், தை பிறந்ததும் பிரித்துச் சாக்கில் சுற்றி அனுப்பலாம். அறுப்பதற்கு முன், நுனிகளை வெட்டியதும் புதிதாகத் தெரிகிற ஆறு முகங்களையும், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, படம் எடுத்து அனுப்புங்கள். எந்த உத்திரத்தில் கால், எதில் சட்டம் என்று கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அதை மில்லில் காட்டி அறுத்துக்கொள்ளலாம்.